தாய் நீரில் இரண்டு நாள்

"நம் ஊரில் ஆறே இல்லையா, அம்மிணி? ஆறு பார்க்க ஆகாய விமானம் ஏறிப் போகவேணுமா?"

இப்படிக் கேட்டவர் என் மாமியார். கேட்டுவிட்டு, புளிக்காய்ச்சலுக்குப் புளி கரைக்க முதலில் எழுந்தவரும் அவர்தான்! 2018-ஆம் வருஷம், பொங்கல் கழிந்த மறு வாரம் அது. அத்தைக்கு அப்போது வயது 73. முட்டைகூடத் தொடாத சைவம். அவரையும், வழிச்செலவுக் கணக்கெழுத நோட்டுப் புத்தகத்துடன் புறப்பட்ட என் கணவரையும் அழைத்துக்கொண்டு, லாவோஸ் தேசத்தின் பழைய ராஜதானியான லுவாங் பிரபாங்குக்குப் படகில் போய் வந்த கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

லாவோஸ் என்றதும் அது எங்கே இருக்கிறது என்று சிலர் யோசிக்கலாம். தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நடுவே, கடற்கரையே இல்லாத மலைநாடு. கடல் இல்லாத குறையை மேகாங் நதி தீர்த்து வைக்கிறது. அந்நாட்டாருக்கு நெடுங்காலமாக ராஜபாட்டை அதுதான்.

தாய்லாந்தின் வடகோடியில் உள்ள சியாங் ராய் வரை விமானம். பிறகு பஸ். மேகாங்கின் குறுக்கே 2013-இல் திறந்த பாலத்தைக் கடந்தால் லாவோஸின் எல்லை ஊரான ஹுவே சாய். அங்கே டாலரைக் கொடுத்து உள்ளூர் நாணயம் வாங்கினோம். அதற்குக் கிப் என்று பெயர். நம் ஒரு ரூபாய்க்கு நூறு கிப்புக்கு மேல் கிடைத்தது. கட்டுக் கட்டாக நோட்டுகளை எண்ணிய என் கணவர், "பார்த்தாயா? பத்து லட்சத்துக்கு அதிபதியாகிவிட்டேன்!" என்று மார்பை நிமிர்த்தினார்.

"அப்படியானால் படகுச் சத்தத்தைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடு" என்றார் அத்தை.

மிதக்கும் குடித்தனம்

லுவாங் பிரபாங் அங்கிருந்து ஆற்று வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர். விரைவுப் படகு ஒன்று உண்டு. தலைக்குக் கவசம் மாட்டிக்கொண்டு, காது அடைக்கும் சத்தத்தில் ஒரே பகலில் போய்விடலாம். "கவசம் போட்டுக்கொண்டு யுத்தத்துக்கா போகிறோம்?" என்று அத்தை கேட்டுவிட்டதால், இரண்டு நாள் பிடிக்கும் மெதுவான படகில் ஏறினோம்.

நீண்டு ஒடுங்கிய மரப் படகு. மேலே கூரை. இரு பக்கமும் திறப்பு. உட்காருவதற்கோ, பழைய மோட்டார் வண்டிகளிலிருந்து கழற்றிய ஆசனங்கள்! அவற்றைத் தரையோடு பிணைக்கவில்லை. என் கணவர் காலை நீட்டிச் சாய்ந்ததும் ஆசனம் அவரோடு சேர்ந்து பின்னால் நகர்ந்தது. அதன் பிறகு மாலை வரை மிகவும் அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

முன்னால் சுக்கானைப் பிடித்தபடி படகுக்காரர். பின்னால் இயந்திரம். இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் படகுக்காரரின் சம்சாரம் குடித்தனம் நடத்துகிறாள். அடுப்பு, பாய், கொடியில் காயும் குழந்தைச் சட்டை எல்லாம் அங்கேயே இருக்கின்றன. பிரயாணிகளுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பதும் அவள்தான். எங்களோடு ஏறியவை அரிசி மூட்டைகள், ஒரு மோட்டார் சைக்கிள், கூடைக்குள்ளிருந்து ஓயாமல் தர்க்கம் செய்த கோழிகள்.

தை மாதத்தில் அங்கே நல்ல குளிர். காலையில் மூடுபனி விலகும் வரை எதிர்க்கரை தெரிவதில்லை. மழை இல்லாத காலமாகையால் நீர் இறங்கி, கரும் பாறைகள் தலை தூக்கியிருந்தன. அவற்றினிடையே நீர் எங்கே சுழிக்கிறது, எங்கே ஆழம் என்பதைக் கண்ணாலேயே அறிந்து படகை வளைத்து வளைத்துக் கொண்டுபோனார் படகுக்காரர். துறை என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. மணல் திட்டில் யாராவது நின்று கையை ஆட்டினால் படகு ஒதுங்கும். ஒரு பாட்டி ஏறுவாள், ஒரு மூட்டை இறங்கும்.

நீர் இறங்கியதும் வெளிப்படும் வண்டல் மண்ணை அந்த ஜனங்கள் சும்மா விடுவதில்லை. கரைச் சரிவு முழுவதும் கீரையும் காயும் பயிரிட்டிருந்தார்கள். சில இடங்களில் பெண்கள் மரத் தட்டில் மணலை அலசிக்கொண்டிருந்தார்கள். என்ன தேடுகிறார்கள் தெரியுமா? தங்கம்! ஒரு நாள் முழுவதும் குனிந்து அலசினால் பொடிப்பொடியாக ஏதோ கிடைக்குமாம். "பொன் விளையும் ஆறு என்று கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்ப்பது இப்போதுதான்" என்றார் அத்தை.

ஆற்றிலிருந்து ஓர் அப்பளம்

முதல் நாள் மதியம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். வாசனை பிடித்துக்கொண்டு வந்தாள் படகுக்காரரின் மனைவி. அத்தை ஓர் உருண்டை கொடுத்தார். அவள் தின்று பார்த்து, கண்களில் நீர் தளும்பச் சிரித்தாள். மிளகாயின் வேலை! பதிலுக்குத் தன் மூங்கில் கூடையைத் திறந்து நீட்டினாள்.

அந்நாட்டுச் சாதம் நம் சாதம் மாதிரி அல்ல. ஒட்டும் அரிசி. இரவே ஊறப் போட்டு, காலையில் கூம்பு வடிவக் கூடையில் கொட்டி ஆவியில் வேகவைக்கிறார்கள். பருக்கை குழைவதில்லை, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கையால் பிட்டு, உருட்டி, துவையல் போன்ற ஒன்றில் தொட்டுத் தின்ன வேண்டும். துவையலில் மீன் சேரும் என்பதால் அத்தை அதைத் தொடவில்லை. வெறும் சாதத்தைத் தம் பருப்புப் பொடியில் தோய்த்துச் சாப்பிட்டு, "கொழுக்கட்டைக்கும் இட்டிலிக்கும் பிறந்த பிள்ளை" என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்து அவள் கொடுத்ததுதான் அதிசயம். கரும்பச்சை நிறத்தில் மெல்லிய தகடு. மேலே எள்; பூண்டும் தக்காளியும் வில்லை வில்லையாக. எண்ணெயில் போட்டு எடுத்தால் மொறுமொறுவென்று அசல் அப்பளம்! மேகாங்கில் நீர் தெளிந்து இறங்கும் மாதங்களில் பாறைகளின் மேல் ஒரு பாசி வளருகிறது. பெண்கள் ஆற்றில் இறங்கி அதை வாரி, அலசி, தட்டி, பாயில் பரப்பி வெயிலில் காயவைக்கிறார்கள். அதற்குக் 'கைபென்' என்று பெயர். "வடாம் பிழிகிற மாசத்தில் இவர்கள் ஆற்றையே காய வைக்கிறார்கள்!" என்று அத்தை வியந்தார்.

இவ்வளவும் எங்களுக்கு விளங்கியதற்குக் காரணம், லீவுக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவி. கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த அந்தப் பெண் இரு பக்கமும் துபாஷியாக இருந்தாள். அவர்கள் பாஷையில் ஆற்றுக்கு 'மே நாம்' என்று சொல்லுவதாகத் தெரிவித்தாள். 'மே' என்றால் தாய். 'நாம்' என்றால் நீர். காவிரித் தாய் என்று சொல்லி வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டுமா?

பேச்சுவாக்கில் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். லுவாங் பிரபாங்குக்குக் கீழே ஒரு பெரிய அணை எழும்பிக்கொண்டிருக்கிறது. மேலேயும் அணைகள் கட்டப் பேச்சு நடக்கிறது. அப்படிக் கட்டினால் கரையோர ஊர்களில் சில இடம் மாறவேண்டி வரும் என்றாள்.

அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அத்தை மௌனமானார். எனக்குக் காரணம் தெரியும். அவர் பிறந்த ஊர், பவானி ஆற்றின் கரையில் டணாயக்கன் கோட்டைப் பக்கம் இருந்தது. 1955-இல் பவானிசாகர் அணை கட்டி முடிந்தபோது அந்தப் பகுதி நீருக்குள் போயிற்று. சிறுமியாக மாட்டு வண்டியில் உட்கார்ந்து ஊரை விட்டு வந்தவர் அவர்.

வெகு நேரம் கழித்து, "ஊர் முழுகினால் சாமியை என்ன செய்வீர்கள் என்று கேள், கண்ணு" என்றார். "எங்கள் ஊரில் முதல் வண்டியில் சாமியைத்தான் ஏற்றினோம். பெட்டி படுக்கையெல்லாம் அப்புறம்."

கேள்வி மாணவி வழியாகப் போயிற்று. படகுக்காரரின் மனைவி படகின் முகப்பைக் காட்டினாள். அங்கே பூமாலை கட்டியிருந்தது. படகைக் காக்கும் தாய்த் தெய்வம் அங்கே இருக்கிறாளாம். "எங்கள் சாமி எங்களோடு வருவாள். ஆனால் ஆறு ஓடாமல் நின்றுவிட்டால் அவள் எங்கே போவாள்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அத்தையிடம் அதற்குப் பதில் இல்லை. தம் கம்பளிச் சால்வையின் ஒரு முனையை இழுத்து, பக்கத்தில் குளிரில் ஒடுங்கியிருந்த அவள் குழந்தையைப் போர்த்தினார்.

கூடுதுறையில் ஒரு ராஜதானி

இரவு பாக் பெங் என்ற மலைச்சரிவு ஊரில் தங்கி, மறுநாள் காலை மீண்டும் புறப்பட்டோம். சாயங்காலம் படகு கரை சேர்ந்தது. துறையிலிருந்து நகரம் பத்துக் கிலோமீட்டர். மூன்று சக்கர வண்டி பிடித்து நகரத்துக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கும் நேரம்.

மறுநாள் ஊரின் நடுவே உள்ள பூசி என்ற குன்றில் ஏறினோம். முந்நூறு படிகளுக்கு மேல். "பழனியில் ஏறினவளுக்கு இது ஒரு மலையா?" என்று கிளம்பிய அத்தை எங்களுக்கு முன்னால் உச்சியில் இருந்தார். மேலிருந்து பார்த்தால் ஊரின் அமைப்பு விளங்கிவிடும். ஒரு பக்கம் மேகாங். மறு பக்கம் நாம் கான் என்ற சிற்றாறு. இரண்டும் கூடும் முனையில் விரல் நீட்டியதுபோல் நகரம். "இது நம் பவானிக் கூடுதுறையேதான்!" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இந்தக் கூடுதுறையில் 1353-இல் ராஜ்யம் ஸ்தாபித்தவர் பா நும் என்ற மன்னர். ராஜ்யத்தின் பெயர் லான் சாங். பத்து லட்சம் யானைகள் என்று அர்த்தம்! ஊரின் பெயர் பிரபாங் என்ற புத்த விக்கிரகத்தால் வந்தது. இரு கைகளையும் உயர்த்தி அபயம் காட்டி நிற்கும் அந்தத் திருவுருவம் இலங்கையில் வார்க்கப்பட்டது என்பது ஐதீகம். 1560-இல் சேத்தாதிராத் மன்னர் தலைநகரை வியன்டியானுக்கு மாற்றினார். பிற்காலத்தில் ராஜ்யம் பிரிந்தபோது லுவாங் பிரபாங் மறுபடி ஓர் அரசின் தலைநகராயிற்று. லாவோஸின் கடைசி மன்னர் காலம் வரை அரச குடும்பம் அங்கேதான் வசித்தது.

அதே சேத்தாதிராத் காலத்துக் கோயில் வாட் சியெங் தோங், இரண்டு ஆறுகளும் கூடும் முனைக்கு அருகில் இருக்கிறது. அடுக்கடுக்கான கூரைகள், தாய்க்கோழி இறக்கையை விரித்து அமர்ந்தாற்போல் தரைப் பக்கம் தாழ்ந்து வருகின்றன. பின்சுவரில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து ஒரு பெரிய மரம் செய்திருக்கிறார்கள். மாலை வெயில் பட்டால் இலைக்கு இலை மின்னுகிறது.

அரண்மனை 1904-இல், பிரெஞ்சுக்காரர் ஆதிக்கத்தில் நாடு இருந்தபோது, சிசவாங் வோங் மன்னருக்காகக் கட்டத் தொடங்கியது. படகில் வரும் விருந்தாளிகள் நேரே படியேறி வருவதற்காக ஆற்றை ஒட்டியே கட்டினார்கள். இப்போது பொருட்காட்சிசாலை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். சிம்மாசன மண்டபத்தின் சிவப்புச் சுவர்களில் வண்ணக் கண்ணாடிச் சித்திரங்கள் ஜொலிக்கின்றன. ஆனால் உறங்கும் அறைகள் எவ்வளவு எளிமை! ஒரு கட்டில், ஒரு பீரோ. நம் நடுத்தரக் குடும்பத்து வீடு மாதிரி.

கடைசி மன்னர் சவாங் வத்தனா 1959-இல் பட்டத்துக்கு வந்தார். யுத்தம் ஓயட்டும் என்று காத்திருந்ததில் முடிசூட்டு விழா நடக்கவே இல்லை. 1964 முதல் 1973 வரை அந்தச் சிறு நாட்டின் மேல் அமெரிக்க விமானங்கள் இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு பொழிந்தன. 1975 டிசம்பரில் மன்னர் முடி துறந்தார். 1977-இல் அவரையும் ராணியையும் பட்டத்து இளவரசரையும் வடகிழக்கு மலைப் பிரதேசத்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மூவரும் திரும்பி வரவில்லை.

"பாவம், அந்த அம்மாள்" என்று மட்டும் சொன்னார் அத்தை, ராணியின் அறை வாசலில் நின்று.

அரண்மனை வளாகத்து அரங்கில் ராமாயண நாட்டியம் நடப்பதுண்டு. அவர்கள் ராமாயணத்துக்குப் பெயர் 'பிர லக் பிர லாம்'. அதாவது லட்சுமணன், ராமன். தம்பிக்கு முதலிடம்! இதைக் கேட்டதும் தம் வீட்டில் இளையவரான என் கணவருக்கு உண்டான சந்தோஷத்தை விவரிக்க முடியாது.

விடியற்காலைச் சோறு

லுவாங் பிரபாங்கில் எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், விடியற்காலையைப் பார்க்கத் தவறக்கூடாது. இருள் பிரியுமுன் காவியுடுத்த பிக்ஷுக்கள் வரிசை வரிசையாக வெறுங்காலுடன் வருகிறார்கள். வீதியோரம் பாய் விரித்து, மேலாடையைக் குறுக்கே அணிந்து, கூடையுடன் பெண்கள் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு பிடி சோறு. பேச்சு இல்லை, நன்றி சொல்வதுகூட இல்லை. பத்து வயதுப் பாலகர் முதல் வயோதிகர் வரை நகர்ந்துகொண்டே போகிறார்கள்.

சில வெளிநாட்டார் பிக்ஷுக்களின் முகத்துக்கு நேரே பளிச்சென்று விளக்கு அடித்துப் படம் பிடித்தார்கள். என் கணவரும் காமிராவை எடுத்தார். "சாமி சாப்பிடும்போது படம் எடுப்பாயா?" என்று அத்தை கேட்டார். காமிரா பைக்குள் போயிற்று.

அப்போதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. ராஜா போனார், ராணி போனாள், சிம்மாசனம் கண்ணாடிப் பொருளாயிற்று. ஆனாலும் அந்த ஊர் செத்துப் போகவில்லை. ஏன்? இரவு அரிசி ஊறப் போட்டு, விடியற்காலையில் அடுப்பு மூட்டுகிற பெண்கள் போகவில்லை! அவர்கள் இருக்கும் வரை அது ராஜதானிதான்.

நெசவுக்குப் பேர் போன சாங் கோங் கிராமம் பக்கத்தில் இருக்கிறது. அங்கே தறியில் ஒரு பெண் பட்டு நெய்தாள். அவர்கள் உடுத்தும் 'சின்' என்ற பாவாடைக்குத் தலை, உடல், பாதம் என்று மூன்று பாகங்கள். பாதம் என்பது கரை. அதைத் தனியே நெய்து சேர்க்கிறார்கள். நம் காஞ்சிபுரம் கோர்வைப் பட்டை நினைத்துக்கொண்டேன். என் கணவர் விலையைக் கேட்டார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். மூடினார். சகோதரிகளே, நான் வாங்கிவிட்டேன் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

கடைசி நாள், ஆற்றில் எதிரேறி 25 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பாக் ஊ குகைகளுக்குப் போனோம். நாம் ஊ நதி மேகாங்கில் கலக்கும் இடத்துக்கு எதிரே செங்குத்தான பாறை. அதன் குகைகளில் ஆயிரக் கணக்கான புத்தர் சிலைகள். பெரும்பாலும் மரச் சிலைகள். பழையனவும் பின்னமானவையும்கூட அங்கே அடைக்கலம் புகுந்திருக்கின்றன. வருஷப் பிறப்பன்று மன்னர் பரிவாரத்துடன் படகில் வந்து சிலைகளை நீராட்டுவது வழக்கமாம். அவர்கள் வருஷப் பிறப்பும் நமக்குச் சித்திரை பிறக்கும் அதே நாட்களில்தான்! இன்றும் ஜனங்கள் வந்து நீராட்டுகிறார்கள்.

அத்தை ஆற்றில் இறங்கிக் கையால் நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

பிறகு

நாங்கள் திரும்பிய பின் வருஷங்கள் ஓடிவிட்டன. நகரத்துக்குக் கீழே கட்டிய சயபூரி அணை 2019 அக்டோபரில் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. 2021 டிசம்பரில் சீன எல்லையிலிருந்து வியன்டியான் வரை ரயில் ஓட ஆரம்பித்து, லுவாங் பிரபாங்கிலும் நிலையம் வந்துவிட்டது. அந்தப் பாக் ஊ குகைகளிலிருந்து அதிக தூரம் இல்லாத இடத்தில், 1,460 மெகாவாட் சக்தியுள்ள இன்னோர் அணைக்கு வேலை நடக்கிறது. 2030-ஐ ஒட்டி முடிப்பதாகத் திட்டம். மின்சாரத்தில் பெரும்பகுதி தாய்லாந்துக்கு விற்பனை ஆகும். ஏழை நாட்டுக்கு வருமானம் வேண்டாமா என்பவர்கள் உண்டு. 1995-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட நகரத்துக்கு ஆபத்து வரக்கூடாதே என்பவர்களும் உண்டு. பாசி வளரவும், கீரை விளையவும், பொன் அலசவும் ஆறு பருவத்தோடு ஏறி இறங்க வேண்டும். கதவு போட்டு நிறுத்திய நீருக்குப் பருவம் ஏது?

இந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்து என் கணவர் வாசித்தபோது, அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவர் அணையைத் திட்டவில்லை. "பவானிசாகர்த் தண்ணீர் பாய்ந்துதான் உங்கள் தாத்தா காட்டில் நெல் விளைந்தது. அதையும் நான் தின்றேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனால், எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று போகுமுன்னே வந்து பார்த்தவர் யாரும் இல்லை, கண்ணு. அந்த ஊரை நாம் பார்த்தோமே, அதை நீ எழுதி வை" என்றார்.

அதனால்தான் எழுதினேன். போக எண்ணுகிறவர்கள் கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையே போங்கள். கம்பளி கொண்டுபோங்கள். புளியோதரை கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். படகின் பின்பக்கத்தில் ஒருத்தி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தால் அவளுக்கும் ஓர் உருண்டை கொடுங்கள். காரம் மட்டும் சற்றுக் குறைவாக இருக்கட்டும்!